சுளுக்குக்கு ஐஸா, வெந்நீரா? ஒத்தடம் கொடுக்கும் முறை, படிப்படியாக

கால் பிசகியவர் பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார். சுற்றி நிற்பவர்களில் ஒருவர் "ஐஸ் வைங்க" என்பார். இன்னொருவர், "ஐயோ, ஐஸ் வெச்சா கட்டிக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடுங்க" என்பார். மைதான ஓரத்தில் முதலுதவிப் பெட்டியோடு பல வருடம் நின்றவன் நான். இந்த வாக்குவாதத்தில் இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒருவர் சொல்வது முதல் நாளுக்கு, மற்றவர் சொல்வது நான்காம் நாளுக்கு.

புதியவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்காமலே ஐஸைத் தேடி ஓடுவார்கள். வீக்கம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே தைலம் போட்டுத் தேய்ப்பார்கள். அதனால் கீழே உள்ள எண் வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. ஒத்தடத்துக்கு முன்: எலும்பு தப்பித்ததா?

சுளுக்கும் எலும்பு முறிவும் முதல் பத்து நிமிடத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் வலி, இரண்டிலும் வீக்கம். ஐஸ் வைத்தால் இரண்டிலும் வலி குறையவும் செய்யும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது: வலி குறைந்ததும் "சரியாயிடுச்சு" என்று முறிந்த காலோடு எழுந்து நடப்பவர்கள் உண்டு. எனவே இடம் மரத்துப் போவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

கணுக்காலுக்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதிகள் அவை; அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் பயன்படுகின்றன. கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பு மொட்டுகளின் பின்விளிம்பை, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை விரலால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே மேடாகத் தட்டுப்படும் எலும்பு. பிறகு உள் ஓரத்தில், உள்மொட்டுக்குச் சற்று முன்னால் கீழே இருக்கும் எலும்பு. எலும்பின் மேலேயே அழுத்தும்போது சுள்ளென்று வலித்தாலோ, அந்தக் காலை ஊன்றி நாலு அடி வைக்க முடியாமல் போனாலோ, எக்ஸ்ரே தேவை. நொண்டிக்கொண்டு வைத்தாலும் நாலு அடி, நாலு அடிதான்.

வேறு எந்த இடமானாலும் இவற்றைப் பாருங்கள்: மூட்டு கோணிக்கொண்டு நிற்பது, விரல் நுனி வெளிறிச் சில்லென்று ஆவது, உணர்ச்சி இல்லாமல் போவது. குதிகாலுக்கு மேலே பின்பக்கம் யாரோ உதைத்தது போல "டப்" என்று கேட்டு, அதன் பிறகு முன்பாதத்தில் எழும்பி நிற்க முடியாமல் போனால், குதிகால் நாண் அறுந்திருக்கலாம். இதில் எது இருந்தாலும் நேராக மருத்துவமனைதான். போகும் வழியில் ஐஸ் வைத்துக்கொள்ளலாம். இழுத்துச் சரிசெய்கிறேன் என்று யாரையும் தொட விடாதீர்கள்.

2. என்ன அடி என்று பிரித்துப் பாருங்கள்

நம் பேச்சில் கழுத்து திரும்பாவிட்டாலும் சுளுக்கு, கணுக்கால் மடங்கினாலும் சுளுக்கு, ஓடும்போது தொடை இழுத்தாலும் சுளுக்கு. ஒத்தடத்துக்கு இவை வேறு வேறு.

எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் லிகமென்ட் இழுபட்டால் அது சுளுக்கு. மூட்டில்தான் வரும், வீங்கும், பிறகு கன்றும். தசையின் இழைகளோ, தசையை எலும்போடு கட்டும் நாணோ இழுபட்டால் அது தசைக் கிழிசல். தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால், கவட்டை ஆகிய இடங்களில் அதிகம். ஓட்டத்தின் நடுவே "சுருக்"கென்று ஒரு குத்து, பிறகு அந்தத் தசையை இறுக்கினாலே வலி என்று வரும். இரண்டிலும் உள்ளே ரத்தம் கசிந்திருக்கும். அதனால் முதலில் குளிர்ச்சி.

மூன்றாவது வெறும் பிடிப்பு. இரவில் கெண்டைக்கால் கல்லாக இறுகி எழுப்புமே, அது. அதில் எதுவும் கிழியவில்லை. கால்விரல்களை முழங்கால் பக்கம் இழுத்துப் பிடித்து நீட்டினால் விட்டுவிடும். அதற்குமேல் இதமான சூடு வைத்தால் போதும். ஐஸ் தேவையில்லை.

3. கையருகே என்னென்ன வேண்டும்

ஐஸுக்கு: ஐஸ் துண்டுகள், ஓட்டையில்லாத பாலிதீன் பை, மெல்லிய பருத்தித் துண்டு, கிரேப் பேண்டேஜ். வெப்பத்துக்கு: ரப்பர் வெந்நீர்ப் பை அல்லது ஹீட்டிங் பேட், தடித்த துண்டு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு கடிகாரம். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். வலியில் இருப்பவருக்கு ஐந்து நிமிடம் அரை மணி போலத் தோன்றும். மரத்துப் போனபின் அரை மணி ஐந்து நிமிடம் போலத் தோன்றும். அதனால் மொபைலில் அலாரம் வையுங்கள். அடிபட்ட நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் காலையில் அது கேள்வியாக வரும்.

4. முதல் இரண்டு மூன்று நாள்: ஐஸ் ஒத்தடம்

ஐஸ் பையைத் தயார் செய்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃப்ரீசரில் இருந்து அப்போதுதான் எடுத்த ஐஸும் ஜெல் பேக்கும் சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்கும். தோலைக் கருக்கிவிட அது போதும். பையில் பாதிவரை ஐஸ் போட்டு ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால் அந்தக் கலவை 0 டிகிரிக்கு வந்துவிடும். ஐஸ் முழுதாக உருகும் வரை அங்கேயேதான் நிற்கும். குளிர்ச்சி குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு உறிஞ்சும் வெப்பம், ஒரு கிராம் தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கத் தேவையான வெப்பத்துக்குச் சமம். உருகும் ஐஸ்தான் வேலை செய்யும் ஐஸ். அதோடு, தண்ணீர் கலந்த பை கணுக்கால் மொட்டைச் சுற்றி அழகாக வளைந்து உட்காரும். வெறும் ஐஸ் கட்டிகள் நாலு முனையில் மட்டும் குத்திக்கொண்டு நிற்கும். பையின் காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு முடிச்சுப் போடுங்கள்.

துண்டை நனைத்துப் பிழிந்து, ஒரு மடிப்பு மட்டும் தோலின் மேல் விரியுங்கள். ஈரத்துணி குளிர்ச்சியை நன்றாகக் கடத்தும். காய்ந்த தடித்த துண்டை நாலு மடிப்பாக வைத்தால் துண்டுதான் குளிரும், கால் குளிராது. துணியே இல்லாமல் வைத்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்தேன். ஒரு பையன் ஜெல் பேக்கை வெறும் முழங்காலில் கட்டிக்கொண்டு முழு ஆட்டத்தையும் பார்த்து முடித்தான். எடுத்தபோது பேக்கின் மூலையளவு ஒரு திட்டு மெழுகு மாதிரி வெளுத்து, தொட்டால் விறைப்பாக இருந்தது. அடுத்த நாள் அங்கே கொப்புளம். முழங்கால் வலி நாலு நாளில் போனது. அந்தத் திட்டு ஆற அதைவிட அதிக நாள் ஆனது.

பையை வைத்ததும் நாலு கட்டமாக உணர்வு வரும். முதலில் குளிர், அப்புறம் எரிச்சல், அப்புறம் ஒரு கடுப்பு, கடைசியில் மரத்துப் போதல். எரிச்சல் கட்டத்தில்தான் பெரும்பாலோர் "தாங்க முடியல" என்று தூக்கி எறிவார்கள். அது வழக்கமானதுதான், இரண்டு மூன்று நிமிடத்தில் கடந்துவிடும் என்று முன்பே சொல்லி வையுங்கள். மரத்துப் போனதும் எடுத்துவிட வேண்டும். சதை குறைந்த விரல், மணிக்கட்டு போன்ற இடங்களுக்கு 10 நிமிடம் போதும்; கணுக்காலுக்கு 15; தொடை மாதிரி தடித்த இடத்துக்கு 20. அதற்குமேல் வைத்தால் கூடுதல் பலன் இல்லை, தோலுக்குத்தான் கேடு.

நடுவே ஐந்தாவது நிமிடத்தில் பையைத் தூக்கித் தோலைப் பாருங்கள். லேசாகச் சிவந்திருப்பது சரி. கருநிறத் தோலில் சிவப்பு தெரியாது என்பதால் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்: மென்மையாகக் குளிர்ந்திருந்தால் நல்லது. வெளுத்தோ சாம்பல் பூத்தோ, மெழுகு போல விறைத்தோ இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

முழங்காலின் வெளிப்பக்கம், மூட்டுக்குச் சற்றுக் கீழே உருண்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். பாதத்தைத் தூக்க உதவும் நரம்பு அதைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. முழங்கையின் உள்பக்கமும் அப்படித்தான். இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வது போல இருக்குமே, அந்த இடம். இந்த இரண்டிலும் ஐஸை இறுக்கிக் கட்டாதீர்கள், 10 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். முழங்கால் பக்கத்து நரம்பு குளிர்ந்து செயலிழந்தால், பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு நடக்கும் நிலை வரலாம்.

இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, விழித்திருக்கும் நேரத்தில் மட்டும். தூக்கத்தில் வேண்டாம், கடிகாரத்தைப் பார்க்க ஆள் இருக்காது.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐஸ் வலியைக் குறைக்கும், அது உறுதி. குணமாவதைச் சீக்கிரப்படுத்தும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயரம் என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் பிரபலப்படுத்திய கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் மாற்றிச் சொன்னார். வீக்கத்தோடு வரும் செல்கள்தான் பழுதுபார்க்கும் வேலையையும் செய்கின்றன. ஆகவே வலிக்கு ஐஸ் வையுங்கள். வலி இல்லாதபோது கடமைக்காக வைக்காதீர்கள்.

5. ஐஸை எடுத்தபின்: கட்டும் உயரமும்

ஐஸை எடுத்ததும் அப்படியே விட்டால் காலைத் தொங்கப் போட்ட பத்து நிமிடத்தில் வீக்கம் மறுபடி ஏறும். கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். மேலிருந்து கீழே சுற்றினால் நீர் பாதத்தில் போய்த் தேங்கும். புதியவர்கள் கட்டிய கட்டில் விரல்கள் மட்டும் உப்பி நிற்பது இதனால்தான்.

கட்டி முடித்ததும் கால்விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வராவிட்டால், அல்லது விரல் கூசினால், அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். தூங்கும்போது கழற்றிவிடலாம். காலைத் தலையணை அடுக்கி, நெஞ்சு மட்டத்துக்கு மேலே வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் நீட்டுவது உயரமாகாது, படுத்தால்தான் உயரம்.

இந்த இரண்டு மூன்று நாளில் கூடாதவை: சூடு, அழுத்தி நீவுதல், மது, ஓட்டம். நான்குமே ரத்தக் கசிவையோ வீக்கத்தையோ கூட்டக்கூடியவை. தொடையில் பலத்த அடி வாங்கி உள்ளே ரத்தம் கட்டியிருக்கும்போது நீவினால், தசைக்குள்ளேயே எலும்பு வளரும் வாய்ப்புகூட உண்டு. "நல்லா அழுத்தித் தேய்ச்சா கரைஞ்சிடும்" என்று அன்போடு வருபவரைத் தடுப்பதுதான் இந்த வழிகாட்டியிலேயே கடினமான படி.

6. எப்போது மாற்றுவது: புறங்கைச் சோதனை

48 முதல் 72 மணி நேரம் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். அது தோராயக் கணக்கு. லேசான சுளுக்கு இரண்டாம் நாளே அடங்கும். மோசமானது ஐந்தாம் நாளும் சூடாக இருக்கும். மணிக்கணக்கோடு கையையும் நம்புங்கள்.

விரல் நுனியைவிடப் புறங்கை சூட்டை நன்றாக உணரும். அடிபட்ட கணுக்காலில் புறங்கையை வைத்து ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு நல்ல கணுக்காலில் அதே இடத்தில் வையுங்கள். அடிபட்ட பக்கம் இன்னும் சூடாக இருந்தால் வெப்பத்துக்கு நேரம் வரவில்லை. இரண்டும் ஒன்று போல இருந்து, நேற்றைவிட வீக்கம் கூடாமல் இருந்து, "விண்விண்"னென்ற வலி போய் விறைப்பு மட்டும் மிச்சமிருந்தால், மாறலாம். ஐஸ் எடுத்த கையோடு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

சந்தேகமாக இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். தாமதமாகச் சூடு கொடுத்தால் நஷ்டம் இல்லை; சீக்கிரம் கொடுத்தால் மறுநாள் காலையில் செருப்பு நுழையாது.

7. வெப்ப ஒத்தடம்

வெப்பம் ரத்தக் குழாய்களை விரிக்கும், இறுகிய தசையைத் தளர்த்தும், நார்களை இளக்கும். இந்தத் தளர்ச்சி கொஞ்ச நேரமே நிற்கும். எனவே அசைவுப் பயிற்சிக்கு முன்னால் சூடு கொடுங்கள். கொடுத்துவிட்டுப் படுத்துத் தூங்கினால் பாதி பலன் வீண்.

வெந்நீர்ப் பையில் கொதிநீரை ஊற்றாதீர்கள். கொதித்த தண்ணீரைச் சில நிமிடம் ஆறவிட்டு மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, மேலே இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். காற்று இருந்தால் பை உருண்டு நிற்கும், உடம்போடு ஒட்டாது. தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா என்று பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால், கழுத்துப் பகுதி விறைத்திருந்தால், தூக்கிப் போடுங்கள். அந்தப் பை கிழிந்தால் ஒரு லிட்டர் சுடுநீர் மடியில்தான் கொட்டும்.

தடித்த துண்டைச் சுற்றி வையுங்கள். தோலுக்கு 40 முதல் 45 டிகிரி போதும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். "இதமாக இருக்கிறது" என்று தோன்றினால் சரி, "தாங்கிக்கலாம்" என்று தோன்றினால் அது அதிகம். சூடு கூடக் கூட நல்லது என்பதுதான் இங்கே பெரிய தவறு. 60 டிகிரித் தண்ணீர் சில நொடியிலேயே தோலைச் சுட்டுவிடும். 44 டிகிரிகூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் கொப்புளம் போடும். நானே ஓர் இரவு ஹீட்டிங் பேடின் மேல் படுத்து உறங்கிப்போய், காலையில் இடுப்பில் வலை போலப் பழுப்புக் கோடுகளோடு எழுந்தேன். மறைய வாரக்கணக்கானது.

15 முதல் 20 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. பேடை உடம்பின் மேல் வையுங்கள். பேடின் மேல் உடம்பை வைக்காதீர்கள். மைக்ரோவேவில் சூடாக்கும் பேக்காக இருந்தால் வெளியே எடுத்து நன்றாகப் பிசைந்துவிடுங்கள், நடுவில் மட்டும் கொதித்துக் கிடக்கும். துண்டைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த ஈரச்சூடு வேகமாக இறங்கும். ஆனால் அதே வேகத்தில் சுடவும் செய்யும் என்பதால் முதலில் நன்றாக உதறுங்கள்.

தைலமோ வலி நிவாரண ஜெல்லோ தடவிய இடத்தில் சூடு வைக்கவே கூடாது. மருந்து தேவைக்கு மேல் உள்ளே இறங்கும், தோலும் வெந்துபோகும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் ஒத்தடம்.

சூடும் குளிரும் மாறி மாறிக் கொடுப்பது பற்றிக் கேட்பார்கள். சிலருக்கு இதமாக இருக்கிறது. வீக்கம் அடங்கிய பிறகு செய்து பார்க்கலாம், கட்டாயமில்லை.

8. இடுப்புப் பிடிப்புக்கு மட்டும் வேறு கணக்கு

குனிந்து நிமிரும்போது இடுப்பு "பிடித்துக்கொண்டால்" மேலே சொன்ன மூன்று நாள் விதி பொருந்தாது. அங்கே பெரும்பாலும் வலிக்குப் பயந்து தசைகள் இறுகிக் கிடப்பதுதான் தொல்லை. கணுக்கால் போல வீங்குவதில்லை. திடீர் இடுப்பு வலிக்கு முதலில் முயல வேண்டியவற்றில் ஒன்றாக வெப்பத்தை அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிமுறையிலேயே சேர்த்திருக்கிறது. முதல் நாளே சூடு வைக்கலாம். கழுத்து திரும்பாமல் இறுகிக் கிடக்கும்போதும் நான் சூட்டில்தான் தொடங்குவேன். ஆனால் வலி காலுக்கு இறங்கி மரத்துப் போனாலோ, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ ஒத்தடத்தை மறந்துவிட்டு அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

9. யாருக்கு, எங்கே கூடாது

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இரண்டுமே ஆபத்து. சுடுவதும் தெரியாது, உறைவதும் தெரியாது. கால் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் அப்படியே. குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாகிறவர்களும், குளிர்ந்த தண்ணீர் பட்டாலே தடிப்பு வருகிறவர்களும் ஐஸைத் தொட வேண்டாம். புண், தொற்று, புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்தில் வெப்பம் வேண்டாம்.

அடி எதுவும் படாமலே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், சூடும் வேண்டாம், நீவவும் வேண்டாம். ரத்தக் குழாயில் உறைகட்டி இருக்கலாம். அதைப் பார்க்க வேண்டியவர் மருத்துவர்.

அடிபட்ட பிறகு தசை கல்லாக இறுகி, வலி மணிக்கு மணி ஏறி, விரலை மெல்ல நீட்டினாலே துடிதுடிக்க வைத்தால், தசைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். கட்டை உடனே அவிழ்த்துவிட்டு, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போங்கள்.

10. அசைவுக்கு எப்படித் திரும்புவது

ஐஸ் நாட்களிலேயே வலி வராத அளவுக்குப் பாதத்தை அசைக்கத் தொடங்கலாம். கால் கட்டைவிரலால் காற்றில் அ, ஆ என்று எழுதச் சொல்வேன். சிரித்துக்கொண்டே செய்வார்கள், கணுக்கால் எல்லாத் திசையிலும் திரும்பிவிடும். வெப்பத்துக்கு மாறிய பின் வரிசை இது: 15 நிமிடம் சூடு, பத்து நிமிடம் மெதுவான அசைவும் நீட்டலும், பிறகு கொஞ்சம் நடை. முடித்தபின் இடம் மறுபடி சூடாகி விண்விண்ணென்றால் 10 நிமிடம் ஐஸ். மறுநாள் அளவைக் குறையுங்கள்.

ஐஸ் வைத்து எடுத்த உடனே ஆட இறங்காதீர்கள். மரத்த மூட்டுக்குத் தான் எந்தக் கோணத்தில் இருக்கிறோம் என்றே தெரியாது. அதே கால் அதே மாதிரி மறுபடி மடங்கும்.

அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிடம் தடுமாறாமல் நிற்க முடிகிறதா, வலியில்லாமல் முன்பாதத்தில் எழும்ப முடிகிறதா, பத்து முறை குதிக்க முடிகிறதா என்று பாருங்கள். மூன்றும் முடிந்தால் ஓடலாம். ஒரு வாரம் கழிந்தும் நடையே சீராகாவிட்டால், மூட்டு அடிக்கடி "விட்டுவிடுகிறது" என்று தோன்றினால், ஒத்தடத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். அடிபட்ட நேரம் குறித்த தாளையும் எடுத்துப் போங்கள்.